கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமும் ரத்த நொதிகளும்

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் உயர்வது என்பது பல நோய்நிலைகளை உள்ளடக்கியது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தொடர்ந்துவரும் உயர் அழுத்தம் ஒரு வகை. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தோன்றி, வேறு எந்த உறுப்பையும் பாதிக்காமல் பிரசவத்துக்குப் பின் தானே அடங்கிவிடுவது இன்னொரு வகை. அதே 20 வாரத்துக்குப் பிறகு தோன்றி, சிறுநீரகம், கல்லீரல், மூளை, ரத்தத் தட்டணுக்கள் என்று ஒவ்வொன்றாகத் தாக்குவது பிரீஎக்லாம்ப்சியா. அதில் வலிப்பும் சேர்ந்துகொண்டால் எக்லாம்ப்சியா, அதாவது பிரசவ வலிப்பு. நான்கு மணி நேர இடைவெளியில் இருமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம். 160/110-ஐத் தொட்டால் கடுமையானது. உலகெங்கும் கர்ப்பங்களில் 2 முதல் 8 சதவீதத்தில் பிரீஎக்லாம்ப்சியா வருகிறது. தாய்மார் இறப்புகளில் சுமார் 14 சதவீதத்துக்கு உயர் ரத்த அழுத்த நோய்களே காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது.

இந்த நோயை அறிய மருத்துவம் முதலில் சிறுநீரைத்தான் பார்த்தது. 1843-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஆல்புமின் இருப்பதைக் கண்டார். 1896-இல் ரிவா-ரோச்சியின் அழுத்தமானி வந்தபின் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்க முடிந்தது. 1950-களின் நடுவில் நியூயார்க்கில் கார்மென், ரொப்லெவ்ஸ்கி, லாடியூ மூவரும் ரத்தத்தில் டிரான்ஸமினேஸ் நொதியை அளக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் உறுப்புச் சேதத்தை ஒரு குழாய் ரத்தத்தில் படிக்கும் வழி திறந்தது. மாரடைப்புக்காகத் தொடங்கிய அந்தச் சோதனை கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து பிரசவ வார்டுக்கு வந்து சேர்ந்தது.

நொதிகள் பெரும்பாலும் செல்லுக்குள் இருந்து வேலை செய்பவை. செல் அடிபட்டாலோ உடைந்தாலோ அவை வெளியே கசிந்து ரத்தத்தில் கலக்கின்றன. எந்த நொதி எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைக் கொண்டு எந்த உறுப்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்த அடிப்படையிலேயே அவற்றின் எல்லையும் அடங்கியிருக்கிறது. சேதம் நிகழ்ந்த பிறகே அவை பேசுகின்றன. பிரீஎக்லாம்ப்சியாவின் கடுமையை அளப்பதில் நொதிகளுக்குப் பெரிய இடம் உண்டு. நோய் வருமா என்று முன்கூட்டிச் சொல்வதில், ஒரு விதிவிலக்கைத் தவிர, அவற்றுக்கு இடமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையற்ற பீதியும், அதைவிட ஆபத்தான போலி நிம்மதியும் உண்டாகின்றன.

சேதம் எப்படி நிகழ்கிறது

இயல்பான கர்ப்பத்தில் நச்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச்சுவரைக் கரைத்து, அகன்ற குழாய்களாக மாற்றுகின்றன. அதனால் ரத்தம் தாராளமாகப் பாய்கிறது. பிரீஎக்லாம்ப்சியாவில், குறிப்பாக 34 வாரத்துக்கு முன்பே தொடங்கும் வகையில், இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. ரத்தம் போதாமல் திணறும் நச்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. அவற்றில் முக்கியமானதை 2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு அடையாளம் கண்டது: எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதம். ரத்தக்குழாய்களின் உள்சுவரைப் பேணிக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளை இது பிடித்து முடக்கிவிடுகிறது.

உள்சுவர் பழுதானால் குழாய்கள் சுருங்குகின்றன, தட்டணுக்கள் சுவரில் ஒட்டிச் செலவாகின்றன, நுண்குழாய்களில் ஃபைப்ரின் இழைகள் படிகின்றன. அந்த இழைகளின் ஊடே நெருக்கியடித்துச் செல்லும் சிவப்பணுக்கள் கிழிந்து உடைகின்றன. கல்லீரலின் நுண்குழாய்களில் இதே படிவு ரத்த ஓட்டத்தைத் தடுக்க, கல்லீரல் செல்கள் ஆக்சிஜன் இன்றி மடிகின்றன. உடைந்த சிவப்பணுவிலிருந்து லாக்டேட் டீஹைட்ரஜனேஸும், மடிந்த கல்லீரல் செல்லிலிருந்து டிரான்ஸமினேஸ்களும் ரத்தத்தில் வந்து சேர்கின்றன. சோதனைத் தாளில் அச்சாகும் எண்களுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

கர்ப்பத்தின் இயல்பு அளவுகள்

கர்ப்பிணியின் ரத்தத்தைக் கர்ப்பமில்லாதவரின் அளவுகோலால் அளப்பது பரவலான தவறு. கர்ப்பத்தில் பிளாஸ்மாவின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டுவதால் கிரியாட்டினின் 0.4 முதல் 0.8 மில்லிகிராம் வரை இறங்கிவிடுகிறது. மற்றவருக்குச் சாதாரணமான 1.0 என்பது கர்ப்பிணிக்கு எச்சரிக்கை. கல்லீரல் நொதிகளிலும் இப்படித்தான். 1997-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, இயல்பான கர்ப்பத்தில் டிரான்ஸமினேஸ்களின் மேல் எல்லை ஏறக்குறைய கால் பங்கு தாழ்ந்திருப்பதைக் காட்டியது. லேப் தாளில் 40 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்தாலும், கடைசி மாதங்களில் 36 அல்லது 38 என்று வந்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதே நல்லது.

ஆல்கலைன் பாஸ்படேஸ் இதற்கு நேர்மாறு. நச்சுக்கொடியே இந்த நொதியின் ஒரு தனி வடிவத்தைச் சுரப்பதால் மூன்றாம் பருவத்தில் அது இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்வது இயல்பு. கர்ப்பிணியின் தாளில் இந்த ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் வந்திருப்பதைப் பார்த்துக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று வீட்டார் கலங்குவதுண்டு. அந்தக் கலக்கத்துக்குக் காரணமில்லை. நச்சுக்கொடியின் வடிவம் 65 டிகிரி வெப்பத்தையும் தாங்கும் தன்மை கொண்டது; தேவைப்பட்டால் அதைக் கொண்டு எலும்பு, கல்லீரல் வடிவங்களிலிருந்து பிரித்தறியலாம்.

எல்.டி.ஹெச்.

லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் உடலின் அநேகமாக எல்லாச் செல்களிலும் உள்ள நொதி. இரண்டு வகைத் துணை அலகுகள் நான்கு நான்காகச் சேர்ந்து ஐந்து வடிவங்களை உண்டாக்குகின்றன. முதல் வடிவம் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் மிகுதி. ஐந்தாம் வடிவம் கல்லீரலிலும் எலும்புத்தசையிலும் மிகுதி. கடும் பிரீஎக்லாம்ப்சியாவில் சிவப்பணுவும் உடைகிறது, கல்லீரலும் மடிகிறது, ஆகவே எல்.டி.ஹெச். இரண்டு கணக்கையும் சேர்த்துக் காட்டும் எண்ணாகிறது. ஆரம்பத்தில் அதைச் சிவப்பணுச் சிதைவின் அடையாளம் என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் வடிவங்களைப் பிரித்துப் பார்த்தபோது உயர்வில் பெரும்பங்கு கல்லீரலிலிருந்து வருவதும் தெரிந்தது. சிவப்பணுச் சிதைவை உறுதிசெய்ய ஹாப்டோகுளோபின் குறைவு, மறைமுக பிலிருபின் உயர்வு, ரத்தப் படலத்தில் கிழிந்த சிவப்பணுக்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்த நொதி பற்றிய ஆய்வுகள் ஏராளம். 2011-இல் லக்னோவிலிருந்து வெளியான ஆய்வு அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 600-க்குக் கீழ், 600 முதல் 800 வரை, 800-க்கு மேல் என்று கர்ப்பிணிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்ததில், எல்.டி.ஹெச். உயர உயரத் தாய்க்கும் சேய்க்கும் சிக்கல்கள் கூடின. அதே 600, 800 என்ற வரம்புகளோடு நாட்டின் பல மருத்துவக் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் ஆய்வேடு எழுதியிருக்கிறார்கள். மலிவான, மாவட்ட அளவில் செய்யக்கூடிய சோதனை என்பதால் இந்த ஆர்வம் நியாயமானதே.

ஆனால் 600 என்ற எண்ணை எல்லா லேபுக்கும் பொதுவான ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. இதுவே இந்தச் சோதனையின் மிகப் பெரிய சிக்கல். எல்.டி.ஹெச்.-ஐ அளக்க இரு திசைகள் உண்டு. லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றி அளப்பது ஒன்று. பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி அளப்பது மற்றொன்று. முதல் முறையில் இயல்பின் மேல் எல்லை லிட்டருக்குச் சுமார் 250 யூனிட். இரண்டாவதில் அது சுமார் 460, 480 வரை போகிறது. ஒரே ரத்தத்தை இரண்டு லேபுக்கு அனுப்பினால் ஒன்று 310 என்றும் மற்றொன்று 610 என்றும் தரலாம். இரண்டும் சரியாக இருக்கலாம். முதல் முறையில் 600 என்பது மேல் எல்லையின் இருமடங்குக்கும் மேல். இரண்டாவதில் எல்லையைச் சற்றே தாண்டிய நிலை. தாலுகா மருத்துவமனையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படும் கர்ப்பிணியின் எல்.டி.ஹெச். பாதியாகக் குறைந்துவிட்டது என்று மகிழும் முன், இரண்டு தாள்களிலும் இயல்பு எல்லை என்ன என்று ஒப்பிட வேண்டும். அந்தந்த லேபின் மேல் எல்லைக்கு எத்தனை மடங்கு என்று பார்ப்பதே சரியான வழி. எந்த முறையில் அளந்தது என்பதைத் தாளிலேயே அச்சிடுவதை எல்லா லேபும் கட்டாயமாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது சிக்கல் ரத்தம் எடுக்கும் கையில் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் எல்.டி.ஹெச். பிளாஸ்மாவில் இருப்பதைப் போல் நூறு மடங்குக்கும் மேல் செறிந்திருக்கிறது. வீங்கிய கையில் நரம்பு கிடைக்காமல் பட்டையை வெகுநேரம் இறுக்கிக் கட்டி, மெல்லிய ஊசியால் சிரமப்பட்டு இழுத்து, சிரிஞ்சை ஊசியோடு குழாயின் மூடிக்குள் குத்தி வேகமாக அழுத்தினால், சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்துவிடும். லேபில் சுழற்றிய பிறகு வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக நிற்கும். அந்தச் சீரத்தில் எல்.டி.ஹெச். 800 என்று வரும். கூடவே பொட்டாசியமும், ஓரளவு எஸ்.ஜி.ஓ.டி. என்ற டிரான்ஸமினேஸும் உயர்ந்து காட்டும். பிரீஎக்லாம்ப்சியாவில் இது பெரிய சங்கடம், ஏனென்றால் தேடுவதும் சிவப்பணுச் சிதைவைத்தான். உடலுக்குள் உடைந்ததா, சிரிஞ்சில் உடைந்ததா என்று பிரித்தறிய, பட்டையைத் தளர்த்திவிட்டு நல்ல நரம்பில் மறுபடி ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். சீரத்தின் நிறத்தைத் தாளில் குறித்து அனுப்பும் லேப் தொழில்நுட்பர், அந்த ஒரு வரியாலேயே அவசரமான ஒரு சிசேரியனைத் தவிர்த்துவிடக்கூடும்.

டிரான்ஸமினேஸ்கள்

லேப் தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்றும் புதிய பெயரில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்றும் வருபவை இவை. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கு உரியது. எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல், இதயம், தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. பிரீஎக்லாம்ப்சியாவின் தொடக்கத்தில் எஸ்.ஜி.ஓ.டி. முந்திக்கொண்டு உயர்வது வழக்கம். சிவப்பணுக்களிலிருந்து வரும் பங்கும் அதில் சேர்வது ஒரு காரணம். ரத்தத்தில் அதன் அரையாயுள் சுமார் 17 மணி நேரம், எஸ்.ஜி.பி.டி.க்குச் சுமார் 47 மணி நேரம். ஆகவே சேதம் நின்றதும் முதலில் இறங்குவதும் எஸ்.ஜி.ஓ.டி.தான். பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் எஸ்.ஜி.பி.டி. மேலே நிற்க, எஸ்.ஜி.ஓ.டி. பாதியாகியிருந்தால் அது குணமாகும் போக்கு.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-இல் பிரீஎக்லாம்ப்சியாவின் வரையறையை மாற்றியது. அதுவரை சிறுநீரில் புரதம் இருந்தே ஆகவேண்டும். அதன்பின், புரதம் இல்லாவிட்டாலும் உயர் அழுத்தத்தோடு டிரான்ஸமினேஸ்கள் இயல்பின் இருமடங்கானாலோ, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் போனாலோ, கிரியாட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ, விடாத தலைவலியோ பார்வைக் கோளாறோ இருந்தாலோ பிரீஎக்லாம்ப்சியா என்றே கொள்ள வேண்டும். இப்படி ஒரு கல்லீரல் நொதி நோயின் வரையறைக்குள்ளேயே இடம் பிடித்தது. எல்.டி.ஹெச்.-க்கு அந்தப் பட்டியலில் தனி இடம் தரப்படவில்லை.

கல்லீரல் நொதி உயர்ந்தால் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அது இயல்பாக இருப்பதால் சிக்கல் வராது என்று சொல்ல முடியாது. இந்தச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் வந்து சேர்ந்த முடிவு இது. கடும் தலைவலியோடும் 170/110 அழுத்தத்தோடும் வந்திருக்கும் பெண்ணின் எஸ்.ஜி.ஓ.டி. 28 என்பதால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வலிப்பு மூளையின் விவகாரம். கல்லீரல் நொதி அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஹெல்ப் கூட்டறிகுறி

சிவப்பணுச் சிதைவு, கல்லீரல் நொதி உயர்வு, தட்டணுக் குறைவு ஆகிய மூன்றும் கடும் நிலையில் சேர்ந்து வருவதை 1950-களிலேயே ஜாக் பிரிச்சர்ட் போன்றவர்கள் எழுதியிருந்தார்கள். 1982-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் லூயி வைன்ஸ்டீன் 29 பேரின் விவரங்களைத் தொகுத்து அதற்கு 'ஹெல்ப்' என்று பெயர் சூட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் அதைத் தனி நிலையாகக் கவனித்தது. டென்னசியில் பகா சிபாய் வகுத்த அளவுகோல் இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது: எல்.டி.ஹெச். 600-க்கு மேல், எஸ்.ஜி.ஓ.டி. 70 அல்லது அதற்கு மேல், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ். மிசிசிப்பியில் ஜேம்ஸ் மார்ட்டின் தட்டணுக்களை வைத்து மூன்று படிகளாகப் பிரித்தார்: 50,000 வரை முதல் படி, ஒரு லட்சம் வரை இரண்டாம் படி, ஒன்றரை லட்சம் வரை மூன்றாம் படி. முதல் படிதான் மிகக் கடுமையானது.

ஹெல்ப் ஆளை ஏமாற்றும் நோய். சுமார் 15 சதவீதம் பேரிடம் உயர் அழுத்தமோ சிறுநீரில் புரதமோ இல்லாமலும் இருக்கலாம். ஏறக்குறைய 30 சதவீதத்தில் பிரசவத்துக்குப் பிறகே தலைகாட்டுகிறது. முக்கிய அறிகுறி மேல்வயிற்றில், வலப்பக்க விலாவுக்குக் கீழ் வலி. கூடவே குமட்டல், வாந்தி, சோர்வு. எட்டாம் மாதக் கர்ப்பிணி நெஞ்சுக்குழியில் வலி என்றால், வாயு என்று வீட்டில் ஓமமும் இஞ்சியும் தருவார்கள். மருந்துக்கடையில் கேட்டால் அசிடிட்டி மாத்திரை கிடைக்கும். கல்லீரலின் உறை வீங்கி இழுபடுவதால் வரும் வலியாக அது இருக்கக்கூடும். அப்படியே விட்டால் உறைக்கடியில் ரத்தம் கட்டி, அரிதாகக் கல்லீரலே கிழியவும் நேரும். 20 வாரத்தைக் கடந்த எந்தக் கர்ப்பிணிக்கும் மேல்வயிற்று வலி வந்தால் ரத்த அழுத்தம், தட்டணு, எஸ்.ஜி.ஓ.டி. மூன்றையும் பார்க்காமல் அசிடிட்டி என்று முடிவுகட்டக் கூடாது.

இங்கே ஒரு தனி எண்ணைவிட எண்களின் ஓட்டம் பெரிது. காலையில் தட்டணு 1,60,000, எஸ்.ஜி.ஓ.டி. 42, மதியம் 1,22,000, 78, இரவு 84,000, 165 என்று போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். காலைத் தாளை மட்டும் பார்த்தவருக்கு அவசரமாக எதுவும் தெரிந்திருக்காது. ஹெல்ப் சந்தேகம் எழுந்தால் 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

ஒத்துத் தோன்றும் பிற நோய்கள்

நொதிகள் சேதத்தைச் சொல்கின்றன. சேதப்படுத்தியது எது என்று சொல்வதில்லை. வெப்ப நாடுகளில் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். மழைக்காலத்தில் டெங்குவோடு வரும் கர்ப்பிணிக்கும் தட்டணு குறைகிறது, எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைவிட அதிகமாக உயர்கிறது. தாளை மட்டும் பார்த்தால் ஹெல்ப் போலவே இருக்கும். காய்ச்சலோடு தொடங்கியதா, ஹீமட்டோகிரிட் ஏறியிருக்கிறதா, என்.எஸ்.-1 சோதனை என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். உயர் அழுத்தம் டெங்குவில் எதிர்பார்க்கக்கூடியதல்ல. இந்தப் பிரித்தறிதல் உயிர் காக்கும் விஷயம்: ஹெல்ப் என்றால் பிரசவத்தை விரைவுபடுத்த வேண்டும், டெங்குவின் கடும் கட்டத்தில் அறுவைசிகிச்சை செய்தால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். எலிக்காய்ச்சல், மலேரியா, ஸ்க்ரப் டைபஸ் ஆகியவையும் இதே குழப்பத்தைத் தரக்கூடியவை.

மஞ்சள்காமாலை வைரஸ்களில், குறிப்பாகக் கர்ப்பத்தில் உயிருக்கு ஆபத்தான ஹெபடைட்டிஸ் இ-யில், எஸ்.ஜி.பி.டி. ஆயிரக்கணக்கில் போகும், ஹெல்ப் நோயில் பெரும்பாலும் சில நூறுகளில் நிற்கும். கர்ப்பகாலக் கடும் கொழுப்புக் கல்லீரல் நோயில் நொதி உயர்வு மிதமாகவே இருக்கலாம். ஆனால் ரத்தச் சர்க்கரை இறங்கி, ரத்தம் உறையும் நேரம் நீண்டு, பிலிருபின் ஏறியிருக்கும். நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து தட்டணுக்கள் செலவாகும் அரிதான டி.டி.பி. நோயில் எல்.டி.ஹெச். ஆயிரத்தைத் தாண்டியும் எஸ்.ஜி.ஓ.டி. அவ்வளவாக அசையாது. அங்கே கண்டறிய உதவுவது ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.-13 என்ற மற்றொரு நொதி. அதன் செயல்பாடு 10 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் டி.டி.பி. உறுதி, சிகிச்சை பிளாஸ்மா மாற்று, பிரசவம் மட்டும் அதைத் தீர்க்காது.

மற்ற நொதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜி.ஜி.டி. ஓரளவே உதவுகிறது. அடினோசின் டீஅமினேஸ் பிரீஎக்லாம்ப்சியாவில் உயர்வதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும் காசநோய் உட்பட வேறு பல நிலைகளிலும் உயர்வதால் அதை வைத்து முடிவெடுக்க வழியில்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு முரண்படுகின்றன. நெதர்லாந்தின் நைமேகனில் 1990-களில் ஆராயப்பட்ட ஆல்ஃபா குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ், கல்லீரல் சேதத்தை டிரான்ஸமினேஸ்களைவிட முன்னதாகக் காட்டியது; ஆனாலும் வார்டுக்கு வந்து சேரவில்லை. யூரிக் அமிலம் நொதியல்ல, சாந்தீன் ஆக்சிடேஸ் நொதியின் விளைபொருள். நூறாண்டுக்கும் மேலாகப் பிரீஎக்லாம்ப்சியாவோடு சேர்த்துப் பேசப்பட்டு வந்தாலும் தனித்து முடிவு சொல்லும் வலு அதற்கில்லை.

முன்கூட்டிச் சொல்லும் ஒரு நொதி

முன்பு குறிப்பிட்ட விதிவிலக்கு பேப்-ஏ. நச்சுக்கொடி சுரக்கும் இது புரதத்தை வெட்டும் நொதி என்பது 1999-இல் தெரியவந்தது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கட்டிவைத்திருக்கும் ஒரு புரதத்தை வெட்டி, அவற்றை விடுவித்து, நச்சுக்கொடி வளர வழிசெய்வது இதன் வேலை. செல் உடைந்து கசிவதல்ல, வளரும் திசு வேண்டுமென்றே சுரப்பது. ஆகவே இதன் குறைவு நச்சுக்கொடி சரியாகப் பதியவில்லை என்பதை நோய் தோன்றப் பல மாதங்களுக்கு முன்பே காட்டக்கூடும். தனியாகப் பார்த்தால் இதன் திறன் குறைவு. தாயின் விவரங்கள், ரத்த அழுத்தம், கருப்பைத் தமனி டாப்ளர், நச்சுக்கொடி வளர்ச்சிக் காரணி ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால் பயன் தரும். 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வு இப்படித்தான் அபாயமுள்ள கர்ப்பிணிகளைத் தேர்ந்தெடுத்து, 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி நாள்தோறும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தது. 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில் மூன்றாம் மாதத்தில் எடுக்கும் டபுள் மார்க்கர் சோதனையில் இருக்கும் இரண்டில் ஒன்று இதே பேப்-ஏ. பலர் பணம் கட்டி எடுக்கும் அந்தத் தாளில் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி அபாயம் உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். குரோமோசோம் அபாயம் குறைவு என்று வந்தாலும் பேப்-ஏ மிகத் தாழ்ந்திருந்தால், மருத்துவர் ரத்த அழுத்தக் கோணத்தில் அதை மறுபடி பார்ப்பது கூடுதல் செலவில்லாத பலன்.

20 வாரத்துக்குப் பிறகு முன்னறிவிக்கும் வேலையை நொதியல்லாத புரதங்கள் செய்கின்றன. எஸ்.எஃப்.எல்.டி.-1 ஓர் ஏற்பியின் வெளிப்பகுதி மட்டுமே. அந்த ஏற்பியின் நொதிப்பகுதி அதில் இல்லை. நோய் வெளிப்படச் சுமார் ஐந்து வாரம் முன்பே அது ஏறத் தொடங்குகிறது. நச்சுக்கொடி வளர்ச்சிக் காரணி இறங்குகிறது. 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இவ்விரண்டின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்தில் பிரீஎக்லாம்ப்சியா வராது என்பதை 99.3 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் 38-க்கு மேல் இருந்தவர்களில் அடுத்த நான்கு வாரத்தில் நோய் வந்தது மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகம். நோயில்லை என்று சொல்வதில்தான் இந்தச் சோதனையின் வலிமை. 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் இத்தகைய விகிதச் சோதனை ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. விலைதான் தடை. அரசு மருத்துவமனைகளுக்கு இது எட்டும்வரை அழுத்தமானியும் சிறுநீர்ச் சோதனையும் அடிப்படை ரத்தப் பரிசோதனைகளுமே பெரும்பான்மைப் பெண்களுக்குத் துணை.

வார்டில் எப்படிப் பயன்படுத்துவது

2011-இல் வெளியான ஃபுல்பியர்ஸ் கணிப்பு முறை இதற்கு நல்ல வழிகாட்டி. அடுத்த 48 மணி நேரத்தில் தாய்க்குக் கடும் சிக்கல் வருமா என்று கணிக்க ஏராளமான அளவீடுகளைச் சோதித்து, கடைசியில் ஆறை வைத்துக்கொண்டது: கர்ப்ப வாரம், நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், ரத்த ஆக்சிஜன் அளவு, தட்டணு, கிரியாட்டினின், எஸ்.ஜி.ஓ.டி. ஒரே ஒரு நொதிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவும் ஐந்து துணைகளோடு. லேப் வசதியில்லாத இடங்களுக்காக 2014-இல் வந்த மினிபியர்ஸ் முறையில் ரத்தச் சோதனையே கிடையாது. எல்.டி.ஹெச். ஹெல்ப் நோயைக் கண்டறியவும் அதன் போக்கைத் தொடரவும் தேவை; அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி, தாயும் சேயும் நலமாக இருக்கும் 30 வாரக் கர்ப்பத்தை முடித்துவைப்பதை ஏற்க முடியாது.

எண்ணைச் சரிசெய்வதும் நோயாளியைச் சரிசெய்வதும் ஒன்றல்ல என்பதற்கு ஸ்டீராய்டு அனுபவமே சாட்சி. ஹெல்ப் நோயில் டெக்சாமெத்தசோன் கொடுத்தால் தட்டணு எண்ணிக்கை ஏறுகிறது. தாயின் இறப்போ கடும் சிக்கலோ குறைந்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சேயின் நுரையீரலுக்காக அதைக் கொடுப்பது வேறு. பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட், உரிய நேரத்தில் பிரசவம். 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், மெக்னீசியம் வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைப்பதைக் காட்டியது. நொதி முடிவு லேபிலிருந்து வரும்வரை அந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பிரசவத்துக்குப் பின்

நச்சுக்கொடி வெளியேறியதும் நோயின் வேர் போய்விடுகிறது. ஆனாலும் எண்கள் உடனே திரும்புவதில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் எல்.டி.ஹெச். இன்னும் ஏறலாம், தட்டணு இன்னும் இறங்கலாம். மூன்றாம் நாள் முதல் தேறத் தொடங்குவதே வழக்கம். நான்கு நாள் கடந்தும் தட்டணு தேறவில்லை, எல்.டி.ஹெச். இறங்கவில்லை என்றால் டி.டி.பி. போன்ற வேறு நோயைத் தேட வேண்டும். ஆறு வாரம் கழித்தும் கல்லீரல் நொதிகள் உயர்ந்தே இருந்தால் கல்லீரல் நோய் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். கர்ப்பத்துக்கு முன்பே இருந்த கோளாறு அப்போதுதான் வெளிப்படுவதுண்டு.

நொதிகள் இயல்புக்கு வந்தாலும் அந்தப் பெண்ணின் கணக்கு முடிவதில்லை. 2007-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, பிரீஎக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் அபாயம் மூன்றரை மடங்குக்கும் மேல். இதயத் தமனி நோய்க்கு இரு மடங்கு. அடுத்த கர்ப்பத்தில் நோய் திரும்பும் வாய்ப்பும் உண்டு. அதற்கு 16 வாரத்துக்கு முன்பே ஆஸ்பிரின் தொடங்க வேண்டும். அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் இருக்கலாம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் "பி.பி. இருந்தது" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எத்தனையாவது வாரத்தில் தொடங்கியது, உச்ச ரத்த அழுத்தம் எவ்வளவு, தட்டணு எதுவரை இறங்கியது, எஸ்.ஜி.ஓ.டி., எல்.டி.ஹெச். எதுவரை ஏறின, அந்த லேபின் இயல்பு எல்லை என்ன என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் குடும்பத்தார் கேட்டு வாங்கி, தாய் சேய் நல அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.